திரையில் தெரியும் கண்கள் யாரைப் பார்க்கின்றன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வெப்கேம் மூலம் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு பேசத் தொடங்கும் வீடுகளில் ஒரு புகார் எழுவது வழக்கம். "பேசுகிறான், சிரிக்கிறான், ஆனால் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான்" என்பதுதான் அது. எங்கள் வீட்டிலும் எழுந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அது புகாரோடு நிற்கவில்லை. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சிக்கலைத் தீர்க்கப் போய், வர்ச்சுவல் ரியாலிட்டி வரை நான் தெரிந்துகொண்ட விஷயங்களை வாசகர்களோடு பகிர்ந்து கொள்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆனவர்களுக்கும் புரியும்படியே எழுதியிருக்கிறேன். பயப்பட வேண்டாம்!

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மயிலாடி. சுசீந்திரத்துக்குப் பக்கம். கல்லில் சாமி சிலை செதுக்குவதற்குப் பெயர் பெற்ற ஊர். காலையில் எழுந்தால் உளிச் சத்தம்தான் கேட்கும். என் தம்பி குவைத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. அங்கே மாலை 5 மணி ஆகும்போது இங்கே இரவு 7.30. அந்த நேரத்துக்கு அம்மா குளித்து, விளக்கேற்றி, கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து விடுவார்.

இரண்டு மூன்று வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு நாள் அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவன் என் மொகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கான். என்னமோ மறைக்கான் மக்களே."

நான் கவனித்தேன். உண்மைதான். படத்தில் தம்பி எப்போதும் அம்மாவுக்கு இடது பக்கமாக எங்கோ பார்த்துக் கொண்டிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா ஒரு காரியம் செய்தார். நாற்காலியை இடது பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதும் அவன் பார்வை அவர் மேல் படவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். "நான் எந்தப் பக்கம் போனாலும் அவன் என்னத் தாண்டித்தான் பாக்கான்" என்று எழுந்து போய்விட்டார்.

தம்பியிடம் கேட்டேன். அவன் சிரித்தான். அவன் மேஜையில் நேர் எதிரே பெரிய மானிட்டர், இடது பக்கம் லேப்டாப். கேமரா இருப்பது லேப்டாப்பில். ஆனால் அம்மாவின் படத்தை அவன் பெரிய மானிட்டரில் போட்டுப் பார்த்துக் கொண்டிருந்தான். அதாவது அவன் ஒரு மணி நேரமும் அம்மாவின் முகத்தையேதான் பார்த்துக் கொண்டிருந்தான்! கேமராவுக்குத்தான் அவன் வேறு எங்கோ பார்ப்பதாகத் தெரிந்தது. அம்மா பார்த்ததோ கேமரா பார்த்ததைத்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய 2 சோதனைகள்

அம்மா நாற்காலியை இழுத்தும் ஏன் பலன் இல்லை? இதைத் தெரிந்துகொள்ள இரண்டு எளிய சோதனைகள் செய்து பாருங்கள்.

முதல் சோதனை: சுவரில் தொங்கும் சாமி படக் காலண்டரை எடுத்துக் கொள்ளுங்கள். சாமி நேராகப் பார்ப்பதுபோல் வரைந்த படமாக இருக்கட்டும். எதிரே நின்று பாருங்கள்; சாமி உங்களைப் பார்க்கிறது. இடது பக்கம் நான்கு அடி நகருங்கள். அப்போதும் உங்களைப் பார்க்கிறது. வலது பக்கம் போனாலும் அதே கதைதான். அறையில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரையும் பார்க்கிறது.

இரண்டாம் சோதனை: ஒரு சிலைக்கு முன்னால் நின்று இதையே செய்யுங்கள். கோயில் சிலை வேண்டாம், வீட்டில் இருக்கும் பொம்மை போதும். நேரே நின்றால் பார்க்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் பார்வை உங்களை விட்டுப் போய்விடும்.

காரணம் என்ன? படம் தட்டையானது. நீங்கள் நகர்ந்தாலும் அதில் உள்ள முகத்தின் வேறு பக்கம் உங்களுக்குத் தெரியப் போவதில்லை. கருவிழி கண்ணின் நடுவில் வரையப்பட்டிருந்தால், எங்கிருந்து பார்த்தாலும் நடுவில்தான் இருக்கும். சிலை கனமானது. நீங்கள் நகர்ந்தால் மூக்கின் வேறு பக்கம், கண்ணின் வேறு ஓரம் தெரியும், பார்வையும் மாறும்.

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் தம்பி, காலண்டர் சாமியைப் போல. அவன் கேமராவைப் பார்த்தால் அறையில் இருக்கும் எல்லோரையும் பார்ப்பான். கேமராவை விட்டு விலகிப் பார்த்தால் அறையில் ஒருவரையும் பார்க்க மாட்டான். நாற்காலியை எங்கே இழுத்துப் போட்டாலும் பயனில்லை!

மூளை போடும் கணக்கு

ஒருவர் நம்மைப் பார்க்கிறாரா என்பதை நாம் அவர் கண்ணை வைத்துத்தான் தெரிந்து கொள்கிறோம் என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். 1824ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி இதைப் படம் போட்டுக் காட்டினார். ஒரே ஜோடிக் கண்களை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி மூக்கையும் முகத்தையும் மட்டும் வேறு திசையில் திருப்பி வரைந்தால், அந்தக் கண்கள் வேறு திசையில் பார்ப்பதாக நமக்குத் தோன்றுகிறது. கண்ணில் ஒரு கோடு கூட மாறவில்லை! ஆக, கருவிழி இருக்கும் இடம், முகம் திரும்பியிருக்கும் திசை இரண்டையும் சேர்த்துத்தான் மூளை கணக்குப் போடுகிறது.

இந்தக் கணக்கு நமக்கு எப்போது வருகிறது தெரியுமா? பிறந்தவுடனேயே. பிறந்து 2 முதல் 5 நாட்களே ஆன குழந்தைகளிடம் தெரேசா ஃபரோனி என்பவரும் அவர் சகாக்களும் நடத்திய ஆய்வு 2002ல் வெளியானது. நேராகப் பார்க்கும் முகத்தையும் வேறு பக்கம் பார்க்கும் முகத்தையும் காட்டினால், தன்னை நேராகப் பார்க்கும் முகத்தையே குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன.

இன்னொரு வேடிக்கை. 2013ல் வெளியான ஓர் ஆய்வில், கண் எங்கே பார்க்கிறது என்பது தெளிவாகத் தெரியாதபடி படத்தை மங்கலாக்கிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் "என்னைத்தான் பார்க்கிறது" என்று சொல்வதுதான் அதிகமாக இருந்தது. அதாவது சந்தேகம் வரும்போது, பிறர் நம்மைப் பார்ப்பதாகவே மூளை எடுத்துக் கொள்கிறது. இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

எல்லோரையும் பார்ப்பதாகப் பெயர் வாங்கிய மோனலிசா ஓவியத்தையே 2019ல் ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகர ஆய்வாளர்கள் இருவர் சோதித்தார்கள். 24 பேரை உட்கார வைத்து அளந்து பார்த்ததில், அவள் பார்வை பார்ப்பவருக்கு வலது பக்கமாகச் சுமார் 15 டிகிரி விலகி இருப்பது தெரிந்தது. மோனலிசா நம்மைப் பார்க்கவே இல்லை! "பார்க்கிறாள்" என்று கேட்டுக் கேட்டு நாமும் நம்பியிருக்கிறோம்.

வெப்கேமுக்கு வைத்தியம்

சரி, வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மில்டன் சென் என்பவர் 2002ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு நேரடியாக உதவுகிறது. எதிரில் இருப்பவர் இடது, வலது, அல்லது மேல் பக்கமாகச் சற்று விலகிப் பார்த்தாலும் நாம் உடனே கண்டுபிடித்து விடுகிறோம். ஆனால் சற்றுக் கீழே பார்த்தால் அவ்வளவு எளிதில் கண்டுபிடிப்பதில்லை. கீழ்நோக்கிச் சுமார் 5 டிகிரி வரை இருந்தால் நம்மைப் பார்ப்பதாகவே எடுத்துக் கொள்கிறோம்.

5 டிகிரி என்றால் எவ்வளவு? திரைக்கு 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 5 செ.மீ. தம்பியின் மேஜையில் கேமராவுக்கும் அம்மாவின் படத்துக்கும் இடையே 40 செ.மீ. பக்கவாட்டில் இருந்தது. கணக்குப் போட்டால் 30 டிகிரிக்கு மேல் வருகிறது. அம்மா கண்டுபிடிக்காமல் இருப்பாரா?

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்:

1. கேமராவை மானிட்டரின் மேல் விளிம்பில், நடுவில் மாட்டவும். பக்கவாட்டிலோ கீழேயோ வைக்க வேண்டாம்.

2. பேசுபவரின் படம் தெரியும் விண்டோவைச் சிறியதாக்கி, மவுஸால் இழுத்து, கேமராவுக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்திடவும். முழுத் திரையில் பெரிதாகப் போட்டால் முகம் கீழே இறங்கிவிடும்.

3. இரண்டு மானிட்டர் இருந்தால், கேமரா எதில் இருக்கிறதோ அதிலேயே படத்தையும் போடவும்.

4. சற்றுத் தள்ளி உட்காரவும். தூரம் கூடினால் கோணம் குறையும்.

5. முக்கியமான ஒன்றைச் சொல்லும்போது மட்டும் கேமரா லென்ஸையே பார்த்துச் சொல்லவும். அதன் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டி வைத்தால் நினைவிருக்கும்.

இதையே சாஃப்ட்வேர் மூலம் செய்யும் வசதியும் வந்துவிட்டது. ஆப்பிள் ஐபோனில் ஃபேஸ்டைமில் "ஐ கான்டாக்ட்" என்று ஒரு வசதி உண்டு. என்விடியா நிறுவனம் 2023 ஜனவரியில் தன் பிராட்காஸ்ட் சாஃப்ட்வேரில் இதைச் சேர்த்தது. விண்டோஸ் 11 உள்ள சில புதிய லேப்டாப்களிலும் கேமரா செட்டிங்ஸில் இது இருக்கும். நீங்கள் திரையைப் பார்த்தாலும், சாஃப்ட்வேர் உங்கள் கருவிழியைத் திருத்தி, கேமராவைப் பார்ப்பதுபோல் வரைந்து அனுப்பிவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் போட்டுப் பாருங்கள். ஆனால் அது ஆன் ஆகியிருப்பதை எதிரில் இருப்பவருக்குச் சொல்லிவிடுங்கள். ஏன் என்று பின்னால் புரியும்.

தம்பி விண்டோவை இழுத்துக் கேமராவுக்குக் கீழே வைத்தான். அம்மா நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார். "இப்பம் பாக்கான்" என்றார். அன்று இரவு ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஹெட்செட் வந்தது

கதை இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வந்த தம்பி, என் பிள்ளைகளுக்காக ஒரு வி.ஆர். ஹெட்செட் கொண்டுவந்தான். தனக்கும் அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்திருந்தான். அறியாதவர்களுக்காக: வி.ஆர். என்றால் வர்ச்சுவல் ரியாலிட்டி, அதாவது மெய்நிகர் உலகம். கண்ணை மூடும் பெரிய கண்ணாடி போன்ற கருவி. இரண்டு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட இரண்டு படம் காட்டும். அதனால் ஆழம் தெரியும். நீங்கள் தலையைத் திருப்பினால் அதை சென்சார்கள் அளந்து, காட்சியையும் அதற்கேற்பத் திருப்பும். உள்ளே நீங்கள் ஒரு பொம்மை உருவமாகப் பிறருக்குத் தெரிவீர்கள். அதற்கு "அவதார்" என்று பெயர். நம் "அவதாரம்" என்ற சொல்தான் அது! கம்ப்யூட்டர் உலகில் 1980களில் புழக்கத்துக்கு வந்தது.

தம்பி குவைத்துக்குத் திரும்பிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஹெட்செட்டை மாட்டி விட்டேன். உள்ளே ஒரு சிறிய அறை. எதிரே தம்பியின் அவதார். அவனே போட்டோ பார்த்துச் செய்தது. முடி, மீசை எல்லாம் அவன் போலவே. அம்மா கையை நீட்டித் தொடப் பார்த்தார். அவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவதாரின் கண்கள் அவரோடு நகர்ந்தன. "எப்படிப் பாக்கான் பாரு!" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பிள்ளை முகம் பார்த்துப் பேசுகிறானே!

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வெப்கேமில் தெரிந்த தம்பி காலண்டர் படம் போல. வி.ஆரில் தெரியும் தம்பி சிலை போல. கனமான உருவம். அவன் என் மகனைப் பார்த்தால், பக்கத்தில் நிற்கும் நான் "மகனைப் பார்க்கிறான்" என்று சரியாகச் சொல்ல முடியும். அப்படியானால் அம்மா நகர்ந்தபோது கண்கள் ஏன் கூடவே வந்தன? யாரோ திருப்புகிறார்கள் என்றுதானே பொருள்? யார்? தம்பியா, புரோகிராமா?

அவதாரின் கண் எங்கிருந்து வருகிறது?

மூன்று வகை உண்டு.

முதல் வகை: கண் அசையாது. தலை திரும்பினால் கண்ணும் சேர்ந்து திரும்பும். பழைய விளையாட்டுகளில் இப்படித்தான்.

இரண்டாம் வகை: புரோகிராம் யூகித்துக் கண்ணை அசைக்கும். தலை எந்தத் திசையில் இருக்கிறது என்பது ஹெட்செட்டுக்குத் தெரியும். கண் எங்கே பார்க்கிறது என்பது தெரியாது. அதனால் "எதிரே ஒரு முகம் இருக்கிறது, அதைத்தான் பார்ப்பார்" என்று தானாகவே முடிவு செய்து கண்ணை அங்கே திருப்பும். அவ்வப்போது இமைக்கவும் செய்யும். எதிரில் இருப்பவரின் தலை எங்கே இருக்கிறது என்பதை அவருடைய ஹெட்செட் சொல்லிவிடுவதால், குறி தப்பாது.

மூன்றாம் வகை: ஐ-டிராக்கிங். ஹெட்செட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் அடிக்கும் சிறிய எல்.இ.டி.கள் இருக்கும். கண்ணை நோக்கிய சிறிய கேமராக்களும் இருக்கும். கண்மணி இருக்கும் இடத்தையும், விழியில் விழும் ஒளிப்புள்ளிகளையும் ஒப்பிட்டு, நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று கணக்கிடும். முதல்முறை போடும்போது சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி உங்கள் கண்ணுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்து கொள்ளும். 2019ல் வந்த எச்.டி.சி. வைவ் புரோ ஐ, 2022ல் வந்த மெட்டா குவெஸ்ட் புரோ, 2023ல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆர். 2, 2024ல் வந்த ஆப்பிள் விஷன் புரோ ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. எல்லா ஹெட்செட்டிலும் இருக்காது. 2023ல் வந்த குவெஸ்ட் 3ல் கிடையாது.

எங்கள் வீட்டு ஹெட்செட்டில் ஐ-டிராக்கிங் இல்லை. இரண்டாம் வகைதான்.

புரோகிராம் யூகிக்கும் கண்ணும் லேசுப்பட்டதல்ல. நாம் பேசும்போது எதிராளியைக் குறைவாகவும், கேட்கும்போது அதிகமாகவும் பார்க்கிறோம் என்பது மனவியல் ஆய்வாளர்கள் அளந்து சொன்னது. நீங்களே கவனித்துப் பாருங்கள், யோசித்துப் பேசும்போது பார்வை மோட்டுக்குப் போகும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மையா கராவ் என்பவரும் அவர் சகாக்களும் இந்த அளவை வைத்தே அவதாரின் கண்ணை அசைத்துப் பார்த்தார்கள். 2003ல் வெளியான அவர்கள் ஆய்வில், மனிதரைப் போன்ற உருவமுள்ள அவதாருக்கு இப்படிக் கண்ணை அசைத்தபோது பேச்சு இயல்பாக இருந்தது. கார்ட்டூன் போன்ற எளிய உருவத்துக்கு அதே கண்ணைப் போட்டால் பலன் இல்லை. உருவமும் கண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

அந்த ஒரு நிமிடம்

சில மாதங்கள் வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. வெப்கேமை அம்மா மறந்தே விட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவும் தம்பியும் இருபது நிமிடம் பேசினார்கள். மழை, தோட்டத்து வாழை, அடுத்த தெருக் கல்யாணம் என்று பேச்சு போனது. இடையில் ஒரு நிமிடம்போல் தம்பி பேசவில்லை. நெட் மெதுவாகிவிட்டது என்று நான் நினைத்தேன். அவதார் அம்மாவையே பார்த்துக்கொண்டு, வழக்கம்போல் இமைத்துக்கொண்டு இருந்தது. பிறகு அவன் பேச்சைத் தொடர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சாதாரண போனில் கூப்பிட்டான். அம்மா "சாப்பிட்டியா மக்களே?" என்றார். அவன் "சாப்பிட்டேன்" என்றான். அவ்வளவுதான். "என்ன ஆச்சு? கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" என்று அம்மா கேட்டார். அவன் அழுதுவிட்டான். வியாழக்கிழமையே அவன் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று. வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று வந்தவன், அம்மாவின் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. "அந்த ஒரு நிமிஷம் நான் கண்ண மூடிட்டுதான் இருந்தேன் அண்ணா" என்று பிறகு என்னிடம் சொன்னான்.

தலையை அவன் குனியவில்லை. குனிந்திருந்தால் அவதாரும் குனிந்திருக்கும். கண்ணை மட்டும் மூடினான். அது ஹெட்செட்டுக்குத் தெரியாது. எனவே புரோகிராம் தன் வேலையைச் செய்தது: எதிரே முகம் இருக்கிறது, பார். சிறிது நேரமாயிற்று, இமை.

அம்மா சொன்னதுதான் என் மனதில் நின்றது. "அண்ணைக்கே கொரல்ல ஒரு மாதிரி இருந்துது. ஆனா கண்ணு நல்லாத்தானே பாத்துது. அதான் நான் கேக்கல."

யோசித்துப் பாருங்கள். வெப்கேமில் அவன் அம்மாவையே பார்த்துக் கொண்டிருந்தான்; மறைக்கிறான் என்று தோன்றியது. வி.ஆரில் அவன் நிஜமாகவே மறைத்தான்; மனம் திறந்து பேசுவதாகத் தோன்றியது. இரண்டு முறையும் கருவிதான் பார்வையை உண்டாக்கியது. இரண்டு முறையும் நாங்கள் தம்பியின் கண் என்று நினைத்தோம்.

ஏன் நம்பினோம்?

நாங்கள் அறியாமையால் நம்பியதாக நினைக்க வேண்டாம். படித்த கல்லூரி மாணவர்களும் இப்படித்தான். அமெரிக்காவின் சான்டா பார்பராவில் ஜெரமி பெய்லென்சனும் அவர் சகாக்களும் நடத்திய சோதனை 2001ல் வெளியானது. வி.ஆர். அறையில் ஒரு பொம்மை மனிதன் நிற்கிறான். அவன் சட்டையின் முன்னும் பின்னும் எழுதியிருப்பதை நெருங்கிப் படிக்க வேண்டும். பொம்மைதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மனித உயரமுள்ள ஒரு உருளையை நெருங்கியதைவிட, பொம்மை மனிதனிடம் அதிக இடைவெளி விட்டே போனார்கள். அவன் கண் தங்களைத் தொடர்ந்து பார்த்தபோது பெண்கள் இன்னும் தள்ளி நின்றார்கள். கண் என்று ஒன்று வந்துவிட்டால், உள்ளே ஆள் இருப்பதாகவே மூளை நடந்து கொள்கிறது. சந்தேகம் வந்தால் "என்னைத்தான் பார்க்கிறது" என்று எடுத்துக் கொள்ளும் மூளைதானே!

இதே பெய்லென்சன் 2005ல் வெளியிட்ட இன்னொரு சோதனை, ஆன்லைன் வகுப்பு நடத்துபவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. வி.ஆர். அறையில் ஒருவர் பேசுகிறார், இருவர் கேட்கிறார்கள். நிஜ அறையில் பேசுபவர் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் பார்க்க முடியும். வி.ஆரில் அந்தத் தடை இல்லை. இருவருக்கும் தனித்தனிக் காட்சி அல்லவா? இருவருக்குமே "முழு நேரமும் உன்னைத்தான் பார்க்கிறார்" என்று காட்ட முடியும். அப்படியே காட்டினார்கள். அந்தப் பார்வை செயற்கையானது என்று கேட்டவர்கள் உணரவில்லை. பெண்கள் பேசியவரின் கருத்தை அதிகமாக ஏற்றுக் கொண்டார்கள்.

வகுப்பில் இது நல்லதாக இருக்கலாம். கடைசி பெஞ்சு மாணவனையும் ஆசிரியர் பார்ப்பாரே! ஆனால் பொருள் விற்பவரும் இதையே செய்யலாம் அல்லவா?

எங்கள் தெருவில் சிலை செதுக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சாமி சிலையில் கடைசியாகச் செய்வது கண் திறப்பு. எல்லா வேலையும் முடிந்த பிறகு, நல்ல நேரம் பார்த்து, கண்ணைத் திறப்பார்கள். அதுவரை அது கல். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கண்ண நாங்கதான் தொறக்கோம். ஆனா தொறந்தது யாருன்னு ஊருக்கே தெரியும்லா."

அதுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. செயற்கைக் கண் வைப்பது தப்பில்லை. வைத்தது யார் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வி.ஆர். ஹெட்செட் வாங்கும் முன் "இதில் ஐ-டிராக்கிங் உண்டா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் பெட்டியில் உள்ள விவரப் பட்டியலில் பாருங்கள். அதில் குறிப்பிடப்படவில்லை என்றால், அவதாரின் கண் அசைந்தாலும் அது யூகம்தான் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஐ-டிராக்கிங் இருந்தால் அதுவே முழுப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். நீங்கள் எதை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பது, உங்களுக்கு எதில் ஆசை என்பதைக் காட்டிக் கொடுக்கும் தகவல். ஒரு புரோகிராம் கண் பார்வைத் தகவலுக்கு அனுமதி கேட்டால், படித்துப் பார்க்காமல் "அலவ்" என்பதைக் கிளிக் செய்ய வேண்டாம். தேவையில்லாத புரோகிராம்களுக்கு செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் அனுமதியை நீக்கிடவும்.

கண்ணாடி அணிபவர்களும் வயதானவர்களும் ஹெட்செட்டைத் தலையில் சரியாக இறுக்கி, கண் இடைவெளியைச் சரிசெய்த பிறகே பயன்படுத்தவும். முதல் நாள் பத்து நிமிடம் போதும். தலை சுற்றினால் உடனே கழற்றி விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வெப்கேமில் பிள்ளை வேறு எங்கோ பார்த்தால், அது கேமரா இருக்கும் இடத்தின் கோளாறாக இருக்கலாம். வி.ஆரில் பிள்ளை கண்ணெடுக்காமல் பார்த்தால், அது புரோகிராமின் வேலையாக இருக்கலாம். கண்ணை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வாயைத் திறந்து கேளுங்கள்.

தம்பிக்கு மூன்று மாதத்தில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் ஹெட்செட் உண்டு. பிள்ளைகள் சித்தப்பாவோடு விளையாடுவார்கள். அம்மாவும் சிறிது நேரம் போட்டுப் பார்ப்பார், கழற்றி வைப்பார். பிறகு போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். படம் இல்லாத சாதாரண போன். கேட்டால், "இதுல கண்ணு இல்ல மக்களே. அவன் கொரல் மட்டும்தான் வருது" என்பார்.